ஓசூருக்குக் கொண்டுபோன தண்ணீர்

ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், பையிலிருந்த மூன்று சாமான்களையும் தொட்டுப் பார்த்ததுதான். ஒன்று, ஐஸ் போட்ட பிளாஸ்க். இரண்டு, குடிக்கக் கொண்டுவந்த இரண்டு லிட்டர் தண்ணீர். மூன்று, சோப்பு டப்பாவுக்குள் துணி சுற்றி வைத்திருந்த உள்ளங்கை அளவு கண்ணாடி பாட்டில். அதிலும் தண்ணீர்தான். மூன்றும் இருந்தன. பக்கத்து சீட்டு அம்மாள் வழி முழுக்க என் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள் என்று எனக்கு ஒரு எண்ணம். பாவம், அவள் தூங்கிக்கொண்டுதான் வந்திருப்பாள்.

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால்காரர் ஊற்றிவிட்டு நகர்வதற்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். "இவளுக்கு சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் அடையாள அட்டை எங்கன்னு கேப்பா" என்று கோவில்பட்டியில் எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவள் முன்பின் தெரியாத ஊருக்கு, முன்பின் தெரியாத லேபுக்கு, ஆறு மாத உழைப்பை பிளாஸ்க்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. ஒரு தை மாதம். செல் மற்றும் மூலக்கூறு உயிரியலில் எம்.எஸ்சி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வு தக்காளிச் செடியின் இலைச்சுருட்டு வைரஸைப் பற்றியது. இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதைத் தண்ணீரில் கரைத்து, பிரதி எடுக்கிற என்சைமைச் சேர்த்து ஒரு மெஷினில் வைப்போம். இலைக்குள் வைரஸ் இருந்தால், அதன் ஒரு துண்டை மட்டும் மெஷின் கோடிக்கணக்கில் பிரதி எடுத்துத் தரும். பிறகு அதை ஜெல்லில் ஊற்றி, கரண்ட் கொடுத்து, யூவி விளக்கில் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரியும். கோடு இருந்தால் வைரஸ் உண்டு. கோடு இல்லையென்றால் இல்லை.

ஆறு மாதத்தில் நான் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தேன். இலை சுருண்ட செடியில் கோடு வருவது உலகத்துக்கே தெரியும். எனக்கோ பச்சைப் பசேலென்று நிற்கிற நல்ல செடியிலும் கோடு வந்தது. ஒன்றிரண்டு இல்லை, எல்லாச் செடியிலும். எங்கள் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "நோய் தெரியாமலே செடி வைரஸைச் சுமக்குது! இதை யாரும் கவனிக்கல!" என்று கருத்தரங்குக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பிஎச்.டி.க்கு என்னை அவரிடமே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். வேறொரு மாவட்டத் தக்காளியிலும் அதே கோடு வந்தால் போதும், மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். அதற்குத்தான் கிருஷ்ணகிரி மாவட்டம். தக்காளிக்குப் பேர்போன பக்கம். ஓசூரில் திசு வளர்ப்பில் பூச்செடியும் வாழைக்கன்றும் உண்டாக்குகிற ஒரு கம்பெனியின் லேபில் ஒரு வாரம் வேலை செய்ய ஏற்பாடு.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். "பிளாஸ்க்ல இன்னா?"

"ஐஸ் அண்ணாச்சி. உள்ள சின்னச் சின்ன டியூப் இருக்கு."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?" என்றவர், பிளாஸ்க்கைத் திறந்து புகை வருகிறதா என்று எட்டி நின்று பார்த்தார். "கிட்னி கிட்னி ஏதும் இல்லையே?" சோப்பு டப்பாவையும் விடவில்லை. கண்ணாடி பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கப் போனார். நான் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். "வெறும் தண்ணி! தொறக்காதீங்க!"

"வெறும் தண்ணிய எதுக்கும்மா சோப்பு டப்பாவுல ஒளிச்சு வெச்சிருக்கே?" நியாயமான கேள்விதான். கடைசியில் "தண்ணீர், சிறிய பாட்டில் 1" என்று நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டி.என்.ஏ.வைக் கரைக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். பிரஷர் குக்கர் மாதிரி ஒரு பெரிய பாத்திரத்தில் வேகவைத்து எடுப்போம். எங்கள் துறையில் ஆளுக்கொரு பாட்டில் உண்டு. ஒருத்தி தண்ணீரை இன்னொருத்தி தொடக் கூடாது. பக்கத்து மேஜைக்காரி பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயின் அழுக்கு டிப்பை விட்டுக் கலக்கிவிடுவாள் என்று ஒவ்வொருத்திக்கும் பயம். நான் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் மாட்டியிருந்தேன். பாட்டிலில் தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொள்வேன். ஆறு மாதமாக அதே பாட்டில். அந்தத் துறையில் நான் முழுசாக நம்பிய ஒரே பொருள் அதுதான்.

லேபில் எனக்கு உதவ நியமித்திருந்த பெண் மஞ்சுளா. தளி பக்கத்துக்காரி, என் வயசுதான் இருக்கும், பி.எஸ்சி தாவரவியல். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்களாம், அவளே சொன்னாள். போனில் தெலுங்கு, கூட வேலை செய்கிற பெண்களோடு கன்னடம், என்னிடம் தமிழ். என்னை "மேடம்" என்றாள். பேக்டரிப் பழக்கம். ஒவ்வொரு முறை கன்னடத்துக்கு மாறும்போதும் என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மணி அடித்தது. உடனே மஞ்சுளா லேபில் திறந்திருந்த அத்தனை தண்ணீர் பாட்டில்களையும் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொன்றாக ஒரு செம்பருத்திச் செடி மூட்டில் கொட்டினாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்த பாட்டிலைக்கூட. திரும்பி வந்து நோட்டில் தேதி போட்டு எழுதினாள்.

"ஏன் கொட்டுதீங்க? நல்லாத்தான இருக்கு?"

"தொறந்த தண்ணி அன்னிக்கே செடிக்குப் போயிடணும் மேடம். இங்க அதான் ரூல்."

எனக்கு அதில் என்னவோ உதைத்தது. நல்ல தண்ணீரை எவளாவது கொட்டுவாளா? எதையோ மறைக்கிறார்கள். சோப்பு டப்பாவை எடுத்துப் பைக்குள் ஆழமாகத் தள்ளி வைத்தேன்.

தங்கியது பேக்டரிப் பெண்கள் இருக்கிற ஒரு விடுதியில். தேனி, புதுக்கோட்டை, அரூர் என்று ஊருக்கு ஒருத்தி. ராத்திரிச் சாப்பாடு ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். நாங்கள் மொச்சை என்கிற பயிறை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்கிற குழம்பு. வாசனை தூக்கியது. நான் களியை நன்றாக மென்றேன். அரூர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மெல்லக் கூடாது அக்கா, குழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும்." மெல்லாமல் முழுங்கினால் உள்ளே என்ன போகிறதென்று எப்படித் தெரியும்? கடைசிக் கவளம் வரை மென்றுதான் தின்றேன். தாடை வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இலை பறிக்க ராயக்கோட்டை போக வேண்டும். ஓசூர்க் குளிர் எங்கள் ஊரில் மார்கழியில்கூடக் கிடையாது. காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, "ராயக்கோட்டை" என்று பலகை வைத்திருந்த பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரத்தில் ஒருத்தர், "ராயக்கோட்டைன்னா இது போவாதும்மா, எறங்கிக்கோ" என்றார். என் இடத்தில் அவருடைய ஆளை உட்கார வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். "பலகையில போட்டுருக்கே" என்று ஒரு முறைப்பு வேறு.

கால் மணி நேரத்தில் வெளியே கடை போர்டெல்லாம் கன்னடத்தில் வர ஆரம்பித்தது. செல்போன் 'கிணிங்' என்று, கர்நாடகத்துக்கு வரவேற்கிறோம் என்றது. பலகையை டிரைவர் முந்தின டிரிப்பிலிருந்து மாற்றவே இல்லை. அத்திப்பள்ளியில் இறங்கி ஒரு டீ குடித்தேன். நான் இதுவரை போன ஒரே வெளிமாநிலப் பயணம் அதுதான், டீக்கடை பெஞ்சில் கால் மணி நேரம். திரும்பி ஓசூர் வந்து, ராயக்கோட்டை பஸ் பிடித்து, பிரிவு ரோட்டில் இறங்கும்போது உச்சி வெயில்.

காட்டுக்காரர் பெயர் முனிராஜ். ஐம்பது வயசு இருக்கும். லேப் மேனேஜருக்குத் தெரிந்தவர், இலை பறிக்கச் சம்மதித்திருந்தார். கிணற்றுப் பக்கத்துப் பாத்தி முழுக்க இலை சுருண்டு, செடி குன்றிக் கிடந்தது. மேட்டுப் பாத்தி மட்டும் கொழுகொழுவென்று காயோடு நின்றது. நோய்ச் செடிக்குச் சிவப்பு நூல், நல்ல செடிக்கு நீல நூல் என்று நான் கட்ட ஆரம்பித்தேன். நாலு செடிகூடக் கட்டியிருக்க மாட்டேன், மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

"ஏம்மா, இலைதானே பறிக்கிறேன்னே? யாரு உன்ன அளக்கச் சொன்னது?"

"அளக்கலைங்க. அடையாளத்துக்குக் கட்டுதேன்."

அவர் மனைவி ராதம்மா வரப்பில் நின்று தெலுங்கில் ஏதோ சொன்னாள். எங்கள் கரிசல் காட்டிலும் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. "போன வருஷமும் ஒருத்தன் நூலும் குச்சியும் எடுத்துட்டு வந்தான். அடுத்த மாசம் நாகப்பன் காட்டுல பேக்டரிக்குக் கல்லு நட்டாங்க. இவளும் நூலோடதான் வந்திருக்கா. பேச்ச நம்பாத" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் போய்ச் சந்தேகப்படுவதா! நான் படித்தவள் என்று காட்ட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். இலைச்சுருட்டு வைரஸ் பற்றியும், அதை வெள்ளை ஈ செடிக்குச் செடி கொண்டுபோவது பற்றியும் பாடமே எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்த மேட்டுப் பாத்தி நல்லாருக்குன்னு நெனைக்காதீங்க. இதுக்குள்ளயும் நோய் இருக்கும். வெளிய தெரியாது. இங்கருந்துதான் ஈ எடுத்துட்டுப் போவும்."

முனிராஜ் பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நெசமாவா?"

"ஆறு மாசமா பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"அப்ப இதையும் பிடுங்கச் சொல்றியா?"

"பிடுங்கிருங்க. அதான் நல்லது."

"வெள்ளிக்கிழமை களை எடுக்க ஆளுங்க வருது. அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. காய் பழுக்கப் பத்து நாள்கூட ஆகாது என்று அந்தப் பாத்தியைப் பார்த்தாலே தெரியும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. ஒரு விவசாயிக்கு அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாகப் பெருமையோடு பஸ் ஏறினேன்.

இலைகளை மஞ்சுளாவிடம் கொடுத்தேன். எது சுருண்ட செடி, எது நல்ல செடி என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லியும் விட்டேன். கூடவே, நான் காலேஜில் தயார் செய்து என் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்த டியூப்களையும் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை படம் வந்தது. என் டியூப்கள் எல்லாவற்றிலும் கோடு. ராயக்கோட்டையின் சுருண்ட இலைகளில் கோடு. நீல நூல் கட்டிய நல்ல செடி ஒன்றில்கூடக் கோடு இல்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை.

"நல்ல செடி நல்ல செடிதான் மேடம்" என்றாள் மஞ்சுளா.

எனக்குப் பகீரென்றது. உடனே, அது எப்படி என்று புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. நான் தயார் செய்ததில் எல்லாம் கோடு வருகிறது. இவள் தயார் செய்ததில் மட்டும் வரவில்லை. எது நல்ல செடி என்று இவளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அப்படியானால் இவள் பரிசோதனையே செய்யவில்லை. செம்பருத்தி மூட்டில் கொட்டியது எதையோ? இலையைப் பார்த்தே முடிவை எழுதி, ஏதோ பழைய படத்தைக் கொடுத்து என்னை ஏமாற்றுகிறாள்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு பொறி வைத்தேன். மத்தியானம் ஐந்து டியூப் கொடுத்தேன். பேர் கிடையாது, வெறும் நம்பர். "எல்லாமே எங்க ஊர் டி.என்.ஏ. ஓட்டிக் குடுங்க" என்றேன். அது பொய். மூன்றாம் நம்பரில் டி.என்.ஏ.வே இல்லை. விடுதி பாத்ரூமில் வைத்து என் சோப்பு டப்பா பாட்டிலிலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றி எடுத்து வந்திருந்தேன். உண்மையாகப் பரிசோதனை செய்தால் அதில் கோடு வராது. ஏமாற்றினால் ஐந்திலும் கோடு போட்டுக் கொடுப்பாள். இந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டு களியைக்கூட அன்றைக்கு மெல்லாமல் முழுங்கினேன்.

வியாழக்கிழமை காலை படத்தை வாங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூன்றாவதில் கோடு மற்றதைவிடப் பளிச்சென்று இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மஞ்சுளா, மூணாம் நம்பர்ல என்ன இருந்துச்சு தெரியுமா? வெறும் தண்ணி! தண்ணிக்கு எங்கருந்து வைரஸ் வந்துச்சு? எத்தனை பேர இப்படி ஏமாத்துதீங்க?" கூட இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மஞ்சுளா திருதிருவென்று முழிப்பாள் என்று பார்த்தேன். முழிக்கவில்லை. "யார் தண்ணி?" என்றாள்.

"என் தண்ணி. காலேஜ்லருந்து கொண்டாந்தது."

"காட்டுங்க."

சோப்பு டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தேதி எங்க?"

"என்ன தேதி?"

"தொறந்த தேதி."

"ஆறு மாசம் இருக்கும். கொறைஞ்சா ஊத்தி நெரப்பிக்குவேன். யாரும் தொட்டதில்ல. நான் மட்டுந்தான்."

"ஆறு மாசமா!" என்று பின்னால் ஒருத்தி கன்னடத்தில் சொன்னாள். அந்த அளவுக்குக் கன்னடம் எனக்கே புரிந்தது.

மஞ்சுளாவின் முகம் சிவந்துவிட்டது. "மேடம், என்ன திருடின்னு நெனைச்சுட்டீங்க இல்ல? நாலு நாளா என் பின்னாடியே சுத்தினது இதுக்குத்தானா? செரி. நான் தொட மாட்டேன். நீங்களே பண்ணுங்க." புது டியூப், புது டிப், அவர்களுடைய பிப்பெட் எல்லாவற்றையும் என் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்களுடைய தண்ணீரில் இரண்டு டியூப், என் தண்ணீரில் இரண்டு டியூப். நாலிலும் இலை கிடையாது, டி.என்.ஏ. கிடையாது, தண்ணீர் மட்டும். நான்தான் எடுத்தேன், நான்தான் ஊற்றினேன், மெஷினையும் நான்தான் ஓடவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. மூன்று மணிக்கு யூவி விளக்கைப் போட்டேன். அவர்கள் தண்ணீர் இரண்டிலும் ஒன்றும் இல்லை. என் தண்ணீர் இரண்டிலும் ஆரஞ்சுக் கோடு.

யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் துறையில் எனக்கு இருந்தது ஒரே பிப்பெட். மெஷின் கோடிக்கணக்கில் பிரதி எடுத்த சரக்கை ஜெல்லில் ஊற்றுவதும் அதில்தான், அடுத்த நாள் பாட்டிலிலிருந்து தண்ணீர் எடுப்பதும் அதில்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்க்கிற சோதனையை நாங்கள் முதல் வாரம் ஒரே ஒரு தடவை செய்தோம். அப்போது பாட்டில் புதுசு, சுத்தமாக வந்தது. "அதான் ஒரு தடவ பாத்தாச்சே, என்சைம வீணாக்காத" என்றார் சார். அதன்பிறகு பழைய தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே ஊற்றி ஊற்றி, ஆறு மாதமாக வைரஸின் துண்டுகளை நானே பூட்டிவைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். நல்ல செடிகளில் வந்த கோடுகளெல்லாம் அந்த பாட்டிலில் இருந்து வந்தவை.

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவமானம் பாதி, பயம் பாதி. முகத்தைக் கழுவும்போதுதான் மேட்டுப் பாத்தி ஞாபகம் வந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

வெளியே வந்து மஞ்சுளாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "செரி விடுங்க" என்றாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. முனிராஜ் வீட்டில் போன் இருக்கிறதா என்று மேனேஜரிடம் கேட்டேன். இல்லை. திரும்பி வந்து பார்த்தால், மஞ்சுளா என் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, என் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இத இங்க வெச்சுட்டுப் போங்க மேடம். எங்களுக்குப் பாசிட்டிவ் கண்ட்ரோல் தீந்துபோச்சு."

கண்டிப்பாக வைரஸ் உண்டு என்று தெரிந்த ஒன்றை ஒவ்வொரு முறையும் கூட வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள், அதற்குப் பெயர்தான் அது. அவள் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுத்துவிட்டு வந்தேன்.

செல்லில் காசு தீர்ந்திருந்தது. ஆறு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த லேப் பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்றார்.

"பி.எஸ்சி சார்."

"அதான பாத்தேன். தப்பு அங்கதான் நடந்திருக்கும். நீ கெளம்பி வந்துரு. நம்மகிட்ட இருக்க ரிசல்ட்டே போதும். அந்தத் தண்ணியக் கொட்டிரு, வேற யார்ட்டயும் பேச வேண்டாம்."

அன்று காலை நான் நினைத்ததும் வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான். "சரி சார்" என்று போனை வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. கருத்தரங்கு, பிஎச்.டி இடம், ஊரில் அம்மா சொல்லிவைத்திருக்கிற பெருமை. யாருக்குத் தெரியப் போகிறது? விடுதியில் பிதுக்குப் பருப்பை முன்னால் வைத்துக்கொண்டு இதையே சுற்றிச் சுற்றி நினைத்தேன். ஆய்வேட்டை என்ன செய்வதென்று பிறகு பார்ப்போம், மேட்டுப் பாத்தியைப் பிடுங்க விடக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய்விட்டேன். பலகையைப் பார்த்தேன், டிரைவரைக் கேட்டேன், கண்டக்டரைக் கேட்டேன், பூக்கூடையோடு இருந்த ஒரு அம்மாளையும் கேட்டேன். "எத்தினி வாட்டி கேப்பே? ராயக்கோட்டைதான்" என்று கண்டக்டர் கத்தினார். ரோஜாக்கட்டு ஏற்றுவதற்கென்று ஒரு ஊரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. நான் சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே போனேன், நின்றால் சீக்கிரம் போய்விடும் என்கிற மாதிரி.

பிரிவு ரோட்டில் இறங்கி ஓடினேன். தூரத்திலேயே காட்டில் ஆட்கள் குனிந்து நிற்பது தெரிந்தது. வரப்பில் பிடுங்கிப் போட்ட செடிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. "பிடுங்காதீங்க! பிடுங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே போய் வரப்புத் தடுக்கி முழங்காலடித்து விழுந்தேன். விழுந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், குவியலில் கிடந்ததெல்லாம் சுருண்ட இலை.

மேட்டுப் பாத்தி அப்படியே நின்றது. ஒரு செடிகூடக் குறையவில்லை. நான் கட்டிய நீல நூலைத்தான் ஒன்றையும் காணோம்.

"நீ அந்தாண்ட போனதுமே நூலையெல்லாம் அவுத்துட்டேன்" என்றார் முனிராஜ். "எவளோ வந்து பிடுங்குன்னா பிடுங்கிடுவமா? காயோட நிக்கிற செடிய?"

என்னை நம்பாத ஒரு மனுஷனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நல்ல வேலை பண்ணீங்க. நான் சொன்னது தப்பு. இந்தச் செடியில நோய் இல்ல. என் தண்ணியிலதான் கோளாறு" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "செவ்வாக்கிழமை இருக்குதுன்னே. இன்னிக்கு இல்லைங்கறே. யாரு உன்ன மாத்திச் சொல்லச் சொன்னது?"

"யாரும் இல்லைங்க. நானேதான் வந்தேன்."

ராதம்மா வரப்பிலிருந்து இறங்கி வந்தாள். "வாயால சொல்றவங்கள நெறைய பாத்துட்டோம். எழுதிக் குடு" என்றாள், இந்தத் தடவை தமிழிலேயே.

நோட்டை எடுத்தேன். "செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தவறு" வரை கை ஓடியது. அதற்குமேல் பேனா நின்றுவிட்டது. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டால், சார் சொன்னபடி தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஊருக்குப் போக முடியாது. ஆறு மாத வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். கருத்தரங்கு போச்சு. அந்தப் பிஎச்.டி இடமும் அநேகமாகப் போச்சு. இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். களை எடுக்கிற பெண்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

"நல்ல செடிகளில் நோய் இல்லை. என்னுடைய பரிசோதனையில் பிழை" என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டு, கையெழுத்திட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

ராதம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடலியே" என்றாள்.

போட்டேன்.